கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்காரர்களுக்குச் சிவகாசியிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள அண்ணாச்சிமார்களே, அடுப்படியில் பாகு பதம் பார்க்கும் அக்காமார்களே, அப்பாவின் கடையை இன்ஸ்டாகிராமில் திறந்திருக்கும் தம்பி தங்கைகளே,

நான் சிவகாசியில் லேபிள் வடிவமைக்கிறவன். உங்களில் சில பேருடைய பாக்கெட்டுக்குப் படமும் எழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். சாத்தூரைத் தாண்டினால் உங்கள் ஊர் என்பதால், இத்தனை காலமும் சொல்ல வேண்டியதை நேரில் வரும்போது சொல்லிவிடுவேன். இந்த முறை எழுத வேண்டியதாகிவிட்டது. ஒருவரிடம் சொல்லித் தீருகிற விஷயமாக இது இல்லை.

கொஞ்ச காலமாக உங்களிடமிருந்து வருகிற கேள்வி மாறியிருக்கிறது. முன்பெல்லாம், "லேபிள் பளபளன்னு இருக்கணும்" என்பீர்கள், அதோடு முடிந்தது. இப்போது ஒரு நாள் இன்ஸ்டாவுக்கு லோகோ கேட்கிறீர்கள். இன்னொரு நாள் வாட்ஸ்அப்புக்கு டிபி. யூடியூபுக்கு பேனரை மருமகன் செல்போனிலேயே செய்துவிடுகிறார். கொரியர் பெட்டிக்கு ஸ்டிக்கர் வேறொரு பிரஸ்ஸில். எல்லாம் அவசரத்துக்கு, எல்லாம் தனித்தனி ஆளிடம். கடைசியில் ஒரே கடைக்கு ஐந்து முகம்.

சென்னையிலோ பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற ஒருவர் உங்கள் மிட்டாயைத் தேடுகிறார் என்று வையுங்கள். வரிசையாகப் பக்கங்கள் வந்து நிற்கும். எல்லாவற்றிலும் மஞ்சளும் சிவப்பும், எல்லாவற்றிலும் 'கோவில்பட்டி ஒரிஜினல்', எல்லாவற்றிலும் அதே நிலக்கடலைக் குவியல் படம். போன தீபாவளிக்கு யாரிடம் வாங்கினோம் என்று அவருக்கு ஞாபகமில்லை. ருசி ஞாபகமிருக்கிறது, ஊர்ப்பெயர் ஞாபகமிருக்கிறது. கண்ணில் முதலில் படுகிறவருக்கு ஆர்டரைப் போட்டுவிடுகிறார். உங்களுக்கு ஒரு வாடிக்கையாளர் போனதும் தெரியாது, அவருக்குக் கடை மாறியதும் தெரியாது.

ஊர்ப்பெயரைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். உங்கள் சங்கம் 2014-இல் விண்ணப்பித்து, 2020 ஏப்ரல் 30-இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு வந்தது. ஊரடங்கு நாட்களில் வந்த நல்ல சேதி அது. அந்த உற்சாகத்தில் பலரும் ஊர்ப்பெயரையே தங்கள் பிராண்டாக ஆக்கிக்கொண்டீர்கள். பாக்கெட்டில் 'கோவில்பட்டி கடலைமிட்டாய்' என்று முக்கால் அளவுக்குப் பெரிய எழுத்து. கடையின் பெயர் கீழே மூலையில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற அளவில்.

புவிசார் குறியீடு ஊருக்குச் சொந்தம். குறியீட்டின் பகுதிக்குள், சொன்ன முறைப்படி செய்கிற எல்லோருக்கும் அதில் பங்குண்டு. 1999-ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி அதை ஒருவர் மட்டும் தன் வணிக முத்திரையாகப் பதிவு செய்துகொள்ள முடியாது. சரக்கு எந்த ஊருடையது என்று மட்டும் சொல்கிற பெயரை, அதே ஆண்டில் வந்த வணிக முத்திரைச் சட்டமும் பொதுவாகப் பதிவுக்கு ஏற்பதில்லை. ஆக, ஊர்ப்பெயரை எவ்வளவு பெரிதாக அடித்தாலும், அந்த மை அத்தனையும் உங்கள் பக்கத்துக் கடைக்காரருக்கும் சேர்த்துச் செய்கிற விளம்பரம்தான். செய்யலாம், தப்பில்லை. ஆனால் அதுவே உங்கள் அடையாளம் என்று நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

இதில் இன்னொரு சங்கதி. சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் போதும் என்று சிலர் நினைக்கிறீர்கள். குறியீட்டைப் பயன்படுத்துகிற ஒவ்வொரு தயாரிப்பாளரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' என்று தனியாகப் பதிவு செய்துகொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது. சென்னை கிண்டியில்தான் பதிவகம். 2020-இல் விதிகளைத் திருத்தியபோது அதற்கான கட்டணத்தைப் பத்து ரூபாயாகக் குறைத்தார்கள். இரண்டு கடலைமிட்டாய்ப் பாக்கெட் விலைகூட இல்லை. அந்தப் பதிவு கையில் இருந்தால், 'ஒரிஜினல்' என்ற சொல்லை லேபிளில் இருந்து எடுத்துவிடலாம். யாரும் தன் சரக்கை டூப்ளிகேட் என்று எழுதி விற்கப்போவதில்லை. அதனால் அந்தச் சொல்லுக்கு ஒரு வேலையும் இல்லை.

சொந்தப் பெயருக்குத் தனியே வணிக முத்திரை எடுங்கள். மிட்டாய் வகைகள் 30-ஆம் வகுப்பில் வரும். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பத்துக்கு ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய்; பதிவானால் 10 ஆண்டு, பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது 'டிஎம்' போடலாம். வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது பதிவான பிறகுதான். முன்கூட்டியே போட்டால் சட்டப்படி தவறு. "எல்லாரும் போடுறாங்களே, நீங்களும் போட்டுருங்க" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. போட மாட்டேன்.

இப்போது உங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். அடையாளம் என்றால் என்னவென்று சென்னையிலிருந்து ஓர் ஏஜென்சி வந்து பவர்பாயின்ட்டில் காட்ட வேண்டிய ஊர் இல்லை கோவில்பட்டி. தீப்பெட்டி செய்த ஊர் அது. 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து சிவகாசியில் தீப்பெட்டி போட ஆரம்பித்தார்கள். அங்கிருந்து சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை என்று அந்தத் தொழில் பரவியது. பெட்டிக்குள் இருக்கிற குச்சி எல்லாம் பார்வைக்கு ஒன்றுதான். மேலே ஒட்டுகிற இரண்டு விரல் அகலப் படம்தான் ஒரு கம்பெனியை இன்னொன்றிடமிருந்து பிரித்துக் காட்டியது. பறவை, மிருகம், கப்பல், சாவி, பூ. எழுத்துத் தெரியாத ஆச்சிகூடக் கடைக்குப் போய்ப் படத்தைச் சொல்லித்தான் கேட்பார். 'எந்த மார்க்?' என்றுதான் கடைக்காரரும் கேட்பார். அந்த மார்க் அஸ்ஸாமுக்குப் போனாலும் ஆப்பிரிக்காவுக்குப் போனாலும் அதே படம், அதே நிறம், அதே இடத்தில் இருந்தாக வேண்டும் என்பதை ஒட்டுக் கூலிக்கு உட்கார்ந்த பிள்ளைகூட அறிந்திருந்தது.

அந்தத் தொழிலில் போலிகளும் உண்டு. பழைய லேபிள்களைச் சேர்த்து வைத்திருப்பவர்களிடம் பார்த்தால் தெரியும்: அசலில் பறவை இடதுபக்கம் பார்த்தால் போலியில் வலதுபக்கம் பார்க்கும். நிறம் அதேதான். சட்டமும் பூ வேலைப்பாடும் அதேதான். பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். எதை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும், எதைத் துணிந்து மாற்றலாம் என்று போலிக்காரனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நான் லேபிள் வேலை படித்தது பாதி அவனிடம்தான்.

உங்களை நீங்களே அப்படிச் சோதித்துப் பாருங்கள். நாளைக்கு ஒருவர் உங்கள் பக்கத்தைக் காப்பியடிக்க நினைத்தால், எதைக் காப்பியடிப்பார்? குறிப்பாக ஒரு நிறம், ஒரு படம், பேசுகிற ஒரு தோரணை என்று சொல்ல முடிந்தால் உங்களுக்கு ஒரு மார்க் இருக்கிறது. 'என்னத்தைக் காப்பியடிக்க, எல்லாரும் ஒரே மாதிரிதானே போடுறோம்' என்று தோன்றினால், இந்த மடல் உங்களுக்குத்தான்.

பெயரில் தொடங்குவோம். நம் பக்கத்துக் கடைகளுக்கு இனிஷியல்தான் பெயர். தாத்தா பெயரின் முதல் எழுத்து, அப்பா பெயரின் முதல் எழுத்து, நடுவில் குலதெய்வத்தின் எழுத்து என்று மூன்று. கடைவீதியில் அது செல்லும், அங்கே எல்லோருக்கும் உங்கள் தாத்தாவைத் தெரியும். இணையத்தில் அந்த மூன்று எழுத்தைத் தட்டினால் பஸ் கம்பெனி வரும், நகைக்கடை வரும், இன்ஜினியரிங் காலேஜ் வரும். இனிஷியலை விட்டுவிடச் சொல்லவில்லை. அதோடு ஒட்டிக்கொள்கிற ஒரு சொல்லை, ஒரு படத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள், எல்லா இடத்திலும் சேர்த்தே எழுதுங்கள்.

பிறகு ஆங்கில எழுத்துக்கூட்டல். இன்ஸ்டாகிராம் முகவரியைத் தமிழ் எழுத்தில் வைக்க வழியில்லை. அதனால் கடலைமிட்டாயை ஆங்கிலத்தில் ஒருவர் இரண்டு 'டி' போட்டு எழுதுகிறார், ஒருவர் ஒற்றை 'டி', ஒருவர் நடுவில் 'ஐ' இல்லாமல். ஊர்ப்பெயரே 'வி' உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. அரசாங்கமே இதில் தடுமாறியது: 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை போட்டு, எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். எது சரி என்கிற ஆராய்ச்சி உங்களுக்கு வேண்டாம். ஒன்றை எடுத்து இன்ஸ்டா, ஃபேஸ்புக், யூடியூப், இணையதள முகவரி, பாக்கெட்டின் பின்பக்கம் எல்லாவற்றிலும் அதையே வையுங்கள். அடிக்கோடு, புள்ளி, கடைசியில் 'அஃபிஷியல்', '2', '007' எதுவும் வேண்டாம். வாடிக்கையாளர் தன் மைத்துனிக்குப் போனில் வாயால் சொன்னால் அவர் தட்டிக் கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் தேர்வு.

அந்த 'அஃபிஷியல்' எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். பக்கத்தை ஆரம்பித்தது அக்கா மகன். அவனுக்குச் சோழிங்கநல்லூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான், போனையும் மாற்றிவிட்டான். பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. புதிதாக இன்னொரு பக்கம் திறக்க வேண்டியதாகிறது. பழைய பக்கம் அப்படியே நிற்கிறது, அதில் பழைய விலை, பழைய போன் நம்பர். இணையதள முகவரியும் இதே கதைதான்: வெப்சைட் செய்து கொடுத்தவர் தன் பெயரிலேயே வாங்கி வைத்திருப்பார், புதுப்பிக்கிற தேதியில் அவர் போன் எடுக்க மாட்டார். கடைக்கென்று ஒரு மின்னஞ்சல், கடைக்கென்று ஒரு சிம். எல்லாக் கணக்கும் அந்த இரண்டின் பேரில் இருக்கட்டும். பாஸ்வேர்டை எழுதிக் கல்லாப்பெட்டியில் வையுங்கள், கணினி படித்தவர்கள் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

இன்னும் ஒன்று, லோகோவைவிட இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். வாங்குகிறவர் பணம் போடுகிற நேரம். உங்கள் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்கிறார். திரையில் ஒரு பெயர் வருகிறது. பக்கத்தில் பார்த்த கடைப் பெயர் வரவில்லை. உங்கள் சின்னம்மா பெயர் வருகிறது, அல்லது வீட்டு ஓனர் பெயர். அவருக்கு உங்களை முன்பின் தெரியாது. இணையத்தில் தினமும் ஏமாற்றுச் செய்தி படிக்கிற ஆள். விரல் நிற்கிறது. அப்படி நின்ற விரல் எத்தனை என்று எந்தக் கணக்கிலும் வராது. கடை பெயரில் நடப்புக் கணக்கு, வணிகர் க்யூஆர் வாங்கிவிட்டால் அங்கேயும் உங்கள் பெயரே நிற்கும். அதுபோலவே உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் யார் பெயரில் இருக்கிறது, ஜிஎஸ்டி பில்லில் என்ன வணிகப் பெயர், கொரியர் ரசீதில் அனுப்புநர் இடத்தில் என்ன எழுதுகிறீர்கள், கூகுள் மேப்பில் கடையின் பெயர் என்ன, அங்கே இருக்கிற நம்பரும் பாக்கெட்டில் அச்சடித்த நம்பரும் ஒன்றுதானா? பார்சல் கையில் வாங்கும்போது மேலே அறிமுகமில்லாத ஒரு பெயர் இருந்தால், 'நான் ஒண்ணும் ஆர்டர் போடலியே' என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். இவற்றில் எதற்கும் வடிவமைப்பாளர் தேவையில்லை. ஒரு மதியம் உட்கார்ந்து எல்லாக் காகிதத்தையும் பரப்பி வைத்துப் பார்த்தால் போதும்.

நிறத்துக்கு வருவோம், என் தொழில் அது. அமிர்தாஞ்சன் என்றால் மஞ்சள், கோபால் பல்பொடி என்றால் ரோஸ். பெயரைச் சொன்னதும் நிறம் கண்ணில் வந்து நிற்கிறது அல்லவா? அதற்காக அவர்கள் புதுநிறம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. பிடித்த நிறத்தை விடவில்லை, அவ்வளவுதான். கடலைமிட்டாய்மேல் தூவுகிற ரோஸ், பச்சை, மஞ்சள் தேங்காய்ப்பூவும் ஓர் அடையாளம்தான். ஆனால் அது ஊருக்கே பொது. உங்கள் பாக்கெட்டுக்கு வேறு ஒன்று வேண்டும். கடலைக்கும் வெல்லத்துக்கும் பொருந்துவது பழுப்பும் மஞ்சளும்தான் என்று எல்லோரும் அதையே எடுத்ததால்தான் இன்று பக்கங்கள் எல்லாம் ஒன்றாகத் தெரிகின்றன. கரிசல் மண்ணின் கறுப்பை யாரும் தொடவில்லை. அடர்ந்த மயில்நீலத்தை யாரும் தொடவில்லை. துணிகிறவருக்கு இடம் காலியாக இருக்கிறது. கறுப்பு மங்கலத்துக்கு ஆகாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.

நிறத்தைத் தேர்ந்த பிறகு அதற்கு ஒரு எண் வாங்கிக்கொள்ளுங்கள். 'நல்ல சிவப்பு' என்று சொன்னால் ஆளுக்கொரு சிவப்புதான் கிடைக்கும். செல்போன் திரையில் நிறம் வெளிச்சத்தால் ஆனது, என் பிரஸ்ஸில் மையால் ஆனது. திரையில் கொதிக்கிற ஆரஞ்சு, காகிதத்தில் செங்கல் மாதிரி அடங்கிவிடும். பிளாஸ்டிக் பவுச்சில் லேமினேஷன் ஏறினால் இன்னொரு மாதிரி. அதனால் திரைக்கு ஓர் ஆறிலக்கக் குறியீடு, அச்சுக்கு நான்கு மையின் சதவீதம், இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, யாரிடம் வேலை கொடுத்தாலும் அந்தத் தாளைக் கொடுங்கள். நிறங்களைக் குறைத்துக்கொள்வதும் நல்லது. பவுச் அடிக்கிற கிரேவியர் மெஷினில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் வெட்ட வேண்டும். ஏழு நிறம் என்றால் ஏழு சிலிண்டர்க் காசு. இரண்டு நிறத்தில் செய்தால் செலவும் குறையும், தப்பு நடக்கிற வாய்ப்பும் குறையும்.

எழுத்து விஷயத்தில் ஒரு பழைய சிக்கல். உங்கள் லேபிள் பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அதை அப்படியே இணையத்துக்கு நகலெடுத்தால் கிறுக்கலாக வரும், கூகுளுக்கும் புரியாது. இன்றைக்கு யூனிகோடில் கட்டணமில்லாமலே நல்ல தமிழ் எழுத்துருக்கள் கிடைக்கின்றன: முக்தா மலர், கேடமரான், மீரா இனிமை, பலூ தம்பி. ஒன்றைப் பிடித்துக்கொண்டு பதிவுக்கும் விலைப்பட்டியலுக்கும் அதையே வையுங்கள். லோகோவின் மூலக் கோப்பை, நாங்கள் சிடிஆர் ஃபைல் என்போமே அதை, லேபிள்காரரிடம் கேட்டு வாங்குங்கள். காசு கொடுத்துச் செய்த பொருள் அது. பின்னணி இல்லாத பிஎன்ஜி ஒன்று, பிடிஎஃப் ஒன்று, இரண்டையும் கூடவே வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நசுங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். நாலு கை மாறிய லோகோவை ஆறடி பேனருக்கு என்னிடம் கொண்டுவந்தால், எறும்பு மொய்த்த மாதிரிதான் அடித்துத் தர முடியும்.

படம் எடுப்பது பற்றி நிறையச் சொல்லலாம். ஒன்றை மட்டும் சொல்கிறேன். கூகுளில் இருந்து எடுத்துப் போடாதீர்கள். கோவில்பட்டிக் கடைப் பக்கத்தில் மகாராஷ்டிரத்து லோனாவாலா சிக்கியின் படத்தைப் பார்த்தவன் நான். உங்கள் பட்டறை ஜன்னல் ஓரம், ஒரே எவர்சில்வர் தட்டு, காலை வெளிச்சம். எல்லாப் படமும் அங்கேயே எடுங்கள். ஆறே மாதத்தில் அந்தத் தட்டைப் பார்த்தே ஆளைச் சொல்வார்கள்.

பேச்சுக்குத்தான் உங்களில் அதிகம் பேர் கவலைப்படுவதில்லை. ரீல்ஸில் தம்பி, 'ஹாய் ஃபூடீஸ், வேற லெவல் கைஸ்' என்று குதிக்கிறார். அதைப் பார்த்துவிட்டு ஒருவர் விலை கேட்டால், அண்ணாச்சி 'இருக்கு. 200' என்று இரண்டே சொல்லில் பதில் போடுகிறார். 'மிட்டாய் இளகி ஒட்டிக்கிச்சு' என்று ஒரு புகார் வந்தால், எங்கிருந்தோ எடுத்த ஆங்கிலக் கடிதம் ஒன்று ஒட்டப்படுகிறது. ஒரே கடைக்குள் மூன்று பேர் மூன்று மொழியில் பேசுகிறார்கள் என்று வெளியே இருப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது.

தொலைக்காட்சி அறிவிப்பாளர் தமிழை நீங்கள் கடன் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் இருவருக்கும் சாகித்திய அகாதெமி. பூமணிக்கு 2014-இல், சோ. தர்மனுக்கு 2019-இல். கரிசல் பேச்சை வைத்தே இத்தனை விருது வாங்கிய வட்டாரம் தமிழ்நாட்டில் வேறு ஏது? கடைக்கு வந்தவரிடம் எப்படிப் பேசுவீர்களோ, அதே பேச்சில் பதிவு போடுங்கள். "இந்த வாரம் மழை, மிட்டாய் நமத்துரும், அடுத்த வாரம் அனுப்புதோம்" என்று ஒருவர் எழுதியிருந்ததைப் பார்த்தேன். ஆர்டரைத் தள்ளிப்போட்டதற்கு அடியில் அத்தனை பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். யார் போனைக் கையில் வைத்திருந்தாலும் அதே மாதிரி பதில் போக வேண்டும் என்றால், அடிக்கடி வருகிற கேள்விகளுக்கும் புகார்களுக்கும் பதிலை உங்கள் பேச்சிலேயே எழுதி, வாட்ஸ்அப் பிசினஸில் விரைவுப் பதில்களாகச் சேர்த்து வையுங்கள். அதற்கென்றே அதில் வசதி இருக்கிறது.

பேச்சோடு சேர்ந்தது வரலாறு. 2012-இல் தொடங்கிய கடை லேபிளில் '1940 முதல்' என்று போடச் சொல்கிறது. தாத்தா கடலை வியாபாரம் செய்தார், அதனால் கணக்கு சரியாம். அண்ணாச்சி, வேண்டாம். இன்ஸ்டாவில் ஒரு வருடம், கூகுளில் ஒரு வருடம், உரிமத்தில் ஒரு வருடம் என்று மூன்றும் மூன்று விதமாக நிற்கும்போது, யாராவது ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவார். பத்து வருடக் கடை என்றால் பத்து வருடக் கடை. அதிலும் கௌரவம் இருக்கிறது.

கடைசியாகத் தம்பி தங்கைகளுக்கு. கோவையிலும் சென்னையிலும் படித்துவிட்டுக் கடைக்கு வருகிறீர்கள். வந்ததும் முதல் வேலையாக லோகோவை மாற்றுகிறீர்கள். அப்பா செய்த எதையும் தொட முடியவில்லை, அதையாவது தொடலாமே என்கிற ஆசை எனக்குப் புரிகிறது. பெரிய கம்பெனிகளுக்கு இதில் என்ன நடந்தது என்று தேடிப் பாருங்கள். அமெரிக்காவில் ட்ராபிகானா பழச்சாறு 2009 ஜனவரியில் பெட்டியின் படத்தை மாற்றியது. ஆரஞ்சுப் பழத்தில் உறிஞ்சுகுழல் செருகிய பழைய படம் போய், கண்ணாடி டம்ளர் வந்தது. கடையில் ஆட்களுக்குத் தங்கள் பெட்டியை அடையாளம் தெரியவில்லை. விற்பனை சுமார் 20 சதவீதம் சரிந்ததும் இரண்டு மாதத்துக்குள் பழைய பெட்டியே திரும்பி வந்தது. கேப் துணிக்கடை 2010 அக்டோபரில் லோகோவை மாற்றி ஒரு வாரத்தில் பின்வாங்கியது. இந்தப் பக்கம் அமுல் சிறுமியைப் பாருங்கள். 1966-இல் அவளுக்கு மாட்டிய புள்ளிச்சட்டையை இன்னும் கழற்றவில்லை. சுவரொட்டியில் தொடங்கி செய்தித்தாள் வழியாகச் செல்போனுக்கு வந்துவிட்டாள், செய்தி மட்டும் வாராவாரம் மாறுகிறது.

உங்கள் லோகோ உங்களுக்குச் சலித்துப்போவது இயல்பு. நீங்கள் அதைத் தினமும் நூறு தடவை பார்க்கிறீர்கள். வாங்குகிறவர் தீபாவளிக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை பார்க்கிறார். உங்களுக்குச் சலிக்கிற நேரத்தில்தான் அவருக்குப் பழக ஆரம்பித்திருக்கும். மாற்றித்தான் ஆக வேண்டும், எழுத்தே படிக்க முடியாமல் இருக்கிறது என்றால், ஒரு தேதி குறித்து எல்லா இடத்திலும் ஒரே நாளில் மாற்றுங்கள். பழைய பவுச் ரோல் தீர்ந்த பிறகு அந்தத் தேதியைக் குறியுங்கள். பக்கத்தில் புது லோகோ, பார்சலில் பழைய பவுச் என்று வந்தால் வாங்கியவர் குழம்புவார்.

வெல்லத்தைப் பற்றி ஒரு சொல். பருவத்துக்குப் பருவம் வெல்லத்தின் நிறம் மாறும், மிட்டாயும் ஒரு மாதம் கருத்தும் ஒரு மாதம் வெளுத்தும் வரும். அதை மறைக்கப் படத்துக்கு ஃபில்டர் போடாதீர்கள். பக்கத்தில் சொல்லிவிடுங்கள். பதம் தவறிப்போன ஈடு என்றால் அனுப்பாதீர்கள். இதில் என் லேபிள் உங்களுக்கு ஓர் உதவியும் செய்ய முடியாது.

சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட பயனர்கள் எல்லோருடைய பெயரும், ஒவ்வொருவரின் சரியான பக்க முகவரியும் ஒரே இடத்தில் கிடைக்கும்படி ஒரு பட்டியலை இணையத்தில் போடுங்கள். ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் கூடிப் பேசி ஒன்றாக ஆக்கிவிடலாம். ஊர்ப்பெயரை எல்லோரும் ஒரே மாதிரி எழுதி, கடைப்பெயரை ஒவ்வொருவரும் தனித்தனியாகக் காட்டினால், தேடுகிறவருக்கு இரண்டும் கிடைக்கும்.

இப்போது காலண்டர் வேலை நெருக்குகிறது. மார்கழி முடியும்வரை சிவகாசியில் எந்த பிரஸ்காரரும் உங்களிடம் நின்று பேச மாட்டார், நானும்தான். தை பிறந்து வாருங்கள். வரும்போது இப்போது ஓடுகிற பாக்கெட்டில் ஒன்று, கொரியர் ரசீது ஒன்று, ஜிஎஸ்டி பில் ஒன்று, உரிமத்தின் நகல், க்யூஆர் ஸ்டாண்டின் படம், எல்லாப் பக்கங்களின் ஸ்கிரீன்ஷாட் கொண்டு வாருங்கள். மேசையில் பரப்பிப் பார்த்துவிட்டு, புதிதாக லோகோ வேண்டுமா வேண்டாமா என்று அப்புறம் பேசலாம். பாதிப் பேருக்கு வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்; எனக்கு வருமானம் போகும், அது வேறு கதை. கூடவே கால் கிலோ மிட்டாய் கொண்டு வந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
சிவகாசி லேபிள்காரன்